கல்லினுள் ஓட்டம்

கல் என்றதும் ஈரம் புகாத திண்மையே மக்கள் நினைவிற்கு வரும். ஆயினும் எல்லாக் கல்லும் அத்தன்மையதன்று. மணற்கல்லை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கின், மணல்மணிகளும் அவற்றிடையே எண்ணிறந்த நுண்துளைகளும் புலப்படும். நிலத்தடி நீரும், எண்ணெயும், எரிவாயுவும் பெரும்பாலும் இத்தகைய துளைகளிலேயே தங்கியுள்ளன. அவை அங்கே எவ்வாறு நகர்கின்றன என்பதைக் கண்ணாற் காண இயலாது; அளந்தே அறிதல் வேண்டும்.

இவ்வளவைக்கு அடிகோலியவர் பிரான்சு நாட்டுப் பொறியறிஞர் ஹென்றி டார்சி. டிஜோன் நகர மக்கள் நல்ல நீரின்றி வருந்தியது கண்டு, தொலைவிலிருந்த ஊற்றினின்று நீரைக் கொணர்ந்து 1840 இல் வழங்கியவர் அவர். பின்னர் அவர் நெடிய குழாய் ஒன்றில் மணலை நிரப்பி, அதனூடே நீரைச் செலுத்தி ஆராய்ந்தார். மணலின் இருபுறத்துமுள்ள நீரழுத்த வேறுபாடு இருமடங்காயின் ஓட்டமும் இருமடங்காகும். மணலின் நீளம் இருமடங்காயின் ஓட்டம் பாதியாகும். இவ்விதியை அவர் 1856 இல் வெளியிட்டார்.

டார்சி ஆராய்ந்தது நீர் ஒன்றனையே. நீரும் வாயுவும் ஒரே துளைவழிச் செல்லுமாயின் யாது நிகழும்? 1936 இல் வைக்காஃப், பாட்செட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இதனை ஆராய்ந்தனர். நீர் மின்சாரத்தைக் கடத்தும், வாயு கடத்தாது. ஆதலின் அவர்கள் மணலின் மின்தடையை அளந்து, உள்ளிருக்கும் நீரின் அளவைக் கணித்தனர். குறுகிய தெருவில் எதிர்ப்பட்ட இரண்டு ஊர்வலங்களைப் போல, நீரும் வாயுவும் ஒன்றன் வழியை மற்றொன்று குறைத்தமை புலனாயிற்று.

எண்ணெய்க்கும் இஃது ஒக்கும். நீர் பெரும்பாலும் மணல்மணிகளைப் பற்றிக்கொள்ளும்; எண்ணெய் துளையின் நடுவே செல்லும். நீர் பெருகித் துளையின் வாயை நெருக்கும்போது, எண்ணெய் தொடர்பற்றுத் துளிகளாய்ச் சிறைப்படும். ஆதலின், நீரைப் பாய்ச்சி எண்ணெயை வெளிக்கொணரும்போதும் அதில் ஒரு பெரும்பங்கு பாறையிலேயே தங்கிவிடுகிறது.

இவ்வாறு இழப்பாய் நின்ற பண்பே மற்றோரிடத்தில் காப்பாயிற்று. நார்வே நாட்டினர் வடகடலிலுள்ள ஸ்லைப்னர் வயலில், எரிவாயுவினின்று பிரித்த கரியமில வாயுவை வானில் விடாது, கடலடியின் கீழ் 800 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், உவர்நீர் நிறைந்த மணற்கல்லினுள் 1996 முதல் செலுத்தலாயினர். அது மீண்டும் மேலெழுமாயின் முயற்சி அனைத்தும் வீணாகும். மேலேயுள்ள களிப்பாறை மூடிபோல் அதனைத் தடுக்கிறது. வாயுவில் ஒரு பகுதி துளைகளில் சிறைப்படும். ஒரு பகுதி நீரிற் கரையும்.

அறிஞர் அப்பாறையைக் கணிப்பொறியில் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் நீரும் வாயுவும் செல்லும் அளவைக் கணிக்கின்றனர். ஒலியலைகளைக் கீழே செலுத்தி, அவற்றின் எதிரொலியால் வாயு பரவிய எல்லையையும் அறிகின்றனர். ஸ்லைப்னரில் மேலடுக்கு வாயு, தொடக்கக் கணக்குகள் கூறியதினும் விரைவாக வடக்கே பரவியது. அறிஞர் அளவையை ஒதுக்காது, கணக்கையே திருத்த முற்பட்டனர்.

அவ்வாயு பல்லாயிரம் ஆண்டுகள் அங்கே தங்குதல் வேண்டும். இன்று அளப்பவர் எவரும் அதன் முடிவைக் காணார். காணாத காலத்திற்கும் காணாத இடத்திற்கும் உறுதி கூற முனைவோர்க்கு, நேர்மையான அளவையே துணையாகும்.