பிச்சாவரம்: அலையாத்திக் காட்டில் ஒரு படகுச் செலவு

முன்னுரை

ஐவகை நிலங்களுள் நெய்தலை நாம் பெரும்பாலும் ஏட்டின் வழியே கற்கிறோம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் வாழும் மாணவருக்கு ஏரியும் கழனியும் பழக்கமானவை. அவற்றிடையே இன்று எழுந்து நிற்கும் மகிழுந்து ஆலைகள் இன்னும் பழக்கமானவை. ஆனால் கழியும் கானலும் கண்டலும் அவருக்கு வெறுஞ்சொற்களாகவே நின்றுவிடுகின்றன. அச்சொற்களைக் கண்ணாரக் காண்பதற்கு ஏற்ற இடம் பிச்சாவரம். அங்கு மேற்கொள்ளும் படகுச் செலவை ஒரு பாடமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் படகும்

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றின் கழிமுகத்திற்கும் கொள்ளிடத்தின் கழிமுகத்திற்கும் இடையே ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் இக்காடு விரிந்துள்ளது. கடலுக்கும் காட்டிற்கும் நடுவே மணல்திட்டு நிற்பதால் வங்கக் கடலின் அலை உள்ளே புகுவதில்லை. ஓதநீர் மட்டுமே நாள்தோறும் ஏறி இறங்குகிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாமிலிருந்து துடுப்புப் படகுகளும் விசைப்படகுகளும் புறப்படுகின்றன. கற்க வருவோர் துடுப்புப் படகையே தேர்ந்துகொள்ளல் நன்று. இருபுறத்துக் கிளைகளும் கவிந்து குடைபிடிக்கும் குறுகிய வாய்க்கால்களுள் நுழைய வல்லது அதுவே. அதன் மெல்லோசைக்குப் பறவைகளும் எளிதில் வெருவுவதில்லை.

மரங்கள் கற்பிப்பவை

உப்புநீரும் காற்றுப் புகாச் சேறும் பிற மரங்களுக்குக் கேடு. இங்குள்ள மரங்களோ அவற்றையே வாழ்விடமாகக் கொண்டவை. வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றைத் துளைத்து விரல்கள் போல் மேலெழுகின்றன. உண்ட உப்பை அதன் இலைகள் வெளியேற்றுகின்றன. சுரபுன்னை, ஊன்றுகோல் போன்ற வேர்களைப் பரப்பி நிற்கிறது. அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட காய்போல் தொங்கி, பின் சேற்றில் வீழ்ந்து வேர்கொள்கிறது. கண்ணில் பட்டால் ஊறு செய்யும் பாலை உடைய தில்லை மரமும் இங்குண்டு. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் இம்மரத்தால் வந்தது என்பர். சங்கப் பாடல்களின் நெய்தற் காட்சிகளில் இடம்பெறும் கண்டல், இத்தகைய கழிக்கரை மரமே.

கொக்கு, நாரை, மீன்கொத்தி, நீர்க்காகம் ஆகியவற்றை இங்கு எளிதில் காணலாம். பனிக்காலத்தில் வலசைப் பறவைகளும் வந்து சேரும். நீர்நாய்களும் இங்கு வாழ்கின்றன. இறாலும் நண்டும் வேர்களின் மறைவில் வளர்கின்றன. இருளர் மக்கள் கழியில் இறங்கி, கைகளாலேயே துழாவி இறால் பிடிப்பர். அருகே, வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தில் பறங்கிப்பேட்டை உள்ளது. மஹ்மூது பந்தர் எனவும் வழங்கப்பெற்ற அத்துறைமுகம் முஸ்லிம் கடல் வணிகர் வாழ்ந்து சிறந்த ஊர். இன்று அவ்வூரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இயங்குகிறது.

அழிவும் மீட்பும்

இக்காட்டை முற்காலத்தில் பகுதி பகுதியாகப் பிரித்து, சுழற்சி முறையில் முற்றாக வெட்டினர். நிழலிழந்த சேறு வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. உட்புகுந்த ஓதநீர் அப்பள்ளங்களிலிருந்து வெளியேற வழியின்றித் தேங்கி வற்றியது, நீர் வற்ற வற்ற உப்பு மிகுந்தது, கன்றுகள் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களுடன் இணைந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டின. ஓதநீர் தடையின்றி வந்து மீண்டதும் மண்ணின் உப்பு தணிந்தது. நட்ட கன்றுகள் தழைத்தன. நீருக்கு வழி செய்த பின்னரே மரம் நிலைத்தது என்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது.

இக்காட்டை அலையாத்திக் காடு என்றும் வழங்குவர். அலையை ஆற்றுவது, அதாவது தணிப்பது, என இதற்குப் பொருள் உரைப்பர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, காட்டிற்குப் பின்னிருந்த ஊர்கள் திறந்த கடற்கரை ஊர்களைவிடக் குறைந்த சேதமே அடைந்தன. பெயர் மெய்யான நாள் அது.

முடிவுரை

2022ஆம் ஆண்டு பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதே வேளையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் கரிக்கிலிப் பறவைகள் காப்பிடமும் அப்பட்டியலில் சேர்ந்தன. அவ்விரண்டும் நம் பகுதிக்கு அண்மையில் உள்ளவை. மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் உபரிநீரே அடையாறாகத் திரண்டு கடலை அடைகிறது. அந்நீரின் வழி குறுகினால் விளைவது யாதென 2015 டிசம்பர் வெள்ளம் நமக்கு உணர்த்தியது. ஆலைகள் நமக்கு வேலை தந்துள்ளன. அவற்றை வேண்டாவென்பது நம் கருத்தன்று. அவற்றின் மதில்களுக்கிடையே ஏரியின் கலங்கலும் வரத்துக்கால்வாயும் அடைபடாதிருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

ஆகவே மாணவர்களே, பிச்சாவரம் செல்லுங்கள். உயிர்காப்பு அங்கி அணிந்து படகேறுங்கள், கிளை ஒடிக்காதீர்கள், நெகிழிப் பையை நீரில் எறியாதீர்கள். ஊர் திரும்பியதும் உங்கள் ஏரிக்கு நீர் எவ்வழியே வருகிறது, எவ்வழியே செல்கிறது என ஊர்ப் பெரியோரிடம் கேட்டறிந்து எழுதி வையுங்கள். படகில் தொடங்கிய பாடம் அவ்வாறே நிறைவுறும்.