முப்பத்தொன்பது இலக்கத்து முதன்மை எண்

தன்னாலும் ஒன்றாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத எண் முதன்மை எண் எனக் கீழ் வகுப்பிலேயே கற்றோம். 97 அத்தகையதா என ஒருவர் வினவின், 2, 3, 5, 7 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்து உடனே விடை பகர்வோம். ஆனால், இவ்வெண்ணை நோக்குக:

170141183460469231731687303715884105727

127 இரண்டுகளைப் பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழிக்க இது கிடைக்கும். 2¹²⁷ − 1 எனச் சுருக்கி எழுதுவர். வகுத்தே சோதிப்பதாயின் இதன் வர்க்கமூலம் வரையுள்ள எண்களை எடுத்தல் வேண்டும். செக்கனுக்குப் பத்து இலட்சம் எண்களாக வகுத்துச் சென்றாலும் 4 இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும். எனினும், பிரான்சு தேசத்து எட்வார்ட் லூக்காஸ் என்பார் 1876இல் கையாற் கணித்தே இது முதன்மை எண் என நிறுவினார்.

அவர் வகுக்கும் எண்ணைத் தேடவேயில்லை. அவரது முறையைப் பிற்காலத்தில் அமெரிக்கரான லேமர் எளிதாக்கித் தந்த வடிவிலே காண்போம். இரண்டின் சுட்டி ஓர் ஒற்றை முதன்மை எண்ணாயிருத்தல் வேண்டும். 4இலே தொடங்குக. அதனை வர்க்கித்து, 2ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மாத்திரம் கொள்க. அம்மீதியையும் அவ்வாறே செய்க. சுட்டியிலும் இரண்டு குறைந்த தடவைகள் இதனைச் செய்தபின் மீதி பூச்சியமாயின் எண் முதன்மையானது, அன்றேல் அன்று.

2⁵ − 1, அதாவது 31ஐ எடுப்போம். மூன்று தடவைகள் போதும். 4இன் வர்க்கத்தில் 2 போக 14. 14இன் வர்க்கத்தில் 2 போக 194. 31ஆல் வகுக்க மீதி 8. 8இன் வர்க்கத்தில் 2 போக 62, மீதி பூச்சியம். ஆகவே 31 முதன்மை எண். மாணவர்கள் 2¹¹ − 1 ஆகிய 2047ஐத் தாமே சோதித்துப் பார்க்க. ஒன்பதாம் தடவையில் 1736 எஞ்சும். அவ்வெண் 23இனதும் 89இனதும் பெருக்கமே. நமது பேரெண்ணுக்கோ 125 தடவைகள் வேண்டும். உழைப்புப் பெரிதுதான்; ஆயினும் மனித ஆயுளுக்குள் முடிவது.

நம்மை மிக வியக்கவைப்பது வேறொன்று. 1644இல் மேர்சென் என்னும் துறவி 2⁶⁷ − 1உம் முதன்மை எண்ணே என எழுதியிருந்தார். அஃது அன்று என லூக்காஸ் காட்டினார். ஆனால் அதன் காரணிகள் யாவை என அவரால் கூற இயலவில்லை. ஓர் எண் வகுபடும் என அறிவதும், எதனால் வகுபடும் என அறிவதும் ஒன்றே எனப் பள்ளியில் எண்ணியிருந்தோமல்லவா? காரணிகளை அமெரிக்கரான கோல் 1903இலேயே வெளியிட்டார்: 193707721, 761838257287.

இந்த லூக்காஸ்தான் ஹனோய்க் கோபுரம் என்னும் விளையாட்டையும் 1883இல் வெளியிட்டவர். அதில் 127 தட்டுகளை வைத்தால், அவற்றை இடம் மாற்றக் குறைந்தது மேலே எழுதிய எண்ணளவு நகர்த்தல்கள் வேண்டும்!

1951 வரை இதனினும் பெரிய முதன்மை எண் எதுவும் அறியப்பட்டிலது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட முதன்மை எண்ணின் சுட்டி 136279841; இலக்கங்கள் 4 கோடியே 10 இலட்சத்துக்கும் மேல். கணினி கொண்டு தேடிய அவ்வெண்ணையும் ஈற்றில் உறுதிப்படுத்தியது 4இலே தொடங்கும் இச்சோதனையே.