ஹூட்டை மூழ்கடித்தது மேல்தளமா?

கப்பற்போர் விளையாட்டுக்கு விதி எழுத உட்காருபவர் எவரும் தப்ப முடியாத கதை ஒன்று உண்டு. 1941 மே 24 அன்று டென்மார்க் நீரிணையில் ஜெர்மனியின் பிஸ்மார்க் சுட்ட குண்டு வானத்திலிருந்து செங்குத்தாக இறங்கியதாம். பிரிட்டனின் ஹூட் கப்பலுடைய மெல்லிய மேல்தளத்தைப் பிளந்து, வெடிமருந்துக் கிடங்கில் போய் வெடித்ததாம். கிடங்கு வெடித்தது உண்மை. 1,418 பேரில் 3 பேர் மட்டுமே பிழைத்ததும் உண்மை. குண்டு செங்குத்தாக இறங்கியது என்பதுதான் பொய்.

இதை நம்பி ஹூட்டுக்கென்று தனி விதியே எழுதிவிடுகிறார்கள்: எந்தத் தொலைவிலிருந்து அடித்தாலும் சரி, பகடை சாதகமாக விழுந்தால் தளம் பிளந்து கப்பல் சிதறும். இது ஆராய்ச்சி அல்ல, சோம்பல்.

பிஸ்மார்க்கின் 38 செ.மீ. பீரங்கி 800 கிலோ குண்டை வினாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் வெளியே தள்ளியது. அத்தனை வேகமான குண்டு நடுத்தரத் தொலைவில் உயர எழும்பிக் கவிழ்ந்து விழாது, தட்டையாகவே பறக்கும். ஹூட் வெடித்தபோது இரு கப்பல்களுக்கும் நடுவே ஏறத்தாழ 15 முதல் 17 கி.மீ. தொலைவு. அங்கே அந்தக் குண்டு இறங்கும் கோணம், கடல் மட்டத்திலிருந்து அளந்தால், 15 டிகிரிக்கும் குறைவு. அவ்வளவு சாய்வாக வந்து 3 அங்குலக் கவசத் தளத்தில் படும் குண்டு, குளத்தில் எறிந்த ஓட்டுச்சில்லைப் போலத் தத்திப் போகவே வாய்ப்பு அதிகம். கப்பலின் பக்கச் சுவர்தான் அதற்கு எளிதில் அகப்படும் இலக்கு.

இந்தக் கணக்கை வில்லியம் ஜூரன்ஸ் 1987இலேயே 'வார்ஷிப் இன்டர்நேஷனல்' இதழில் விரிவாகப் போட்டுக் காட்டிவிட்டார். குண்டு கிடங்கை எட்டியிருக்கக்கூடிய வழிகள் பல. 12 அங்குலப் பிரதான பக்கக் கவசத்துக்கு மேலே 7 அங்குலமும் 5 அங்குலமுமாக மெலிந்த பகுதிகள் இருந்தன. அவற்றின் வழியே நுழைந்திருக்கலாம். அல்லது கப்பலுக்குச் சற்று முன்பாகக் கடலில் விழுந்து, நீருக்குள் பாய்ந்து, கவசத்தின் கீழ் விளிம்புக்கு அடியில் புகுந்திருக்கலாம். இரண்டாவது வழியைக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. அதே சண்டையில் ஹூட்டோடு வந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கப்பலுக்குள் 38 செ.மீ. குண்டு ஒன்று நீருக்கடியில் நுழைந்து வெடிக்காமல் தங்கியிருந்தது. கப்பலைச் செப்பனிட உலர்துறையில் ஏற்றிய பிறகே அதைக் கண்டார்கள்.

ஹூட்டிலிருந்து பிரிட்டன் அணியை நடத்திய அட்மிரல் ஹாலண்ட் வேகமாக நெருங்கியதே தளத்தைப் பற்றிய அச்சத்தால்தான் என்று வாதிடுவோர் உண்டு. இருக்கட்டும். அவருக்கு அச்சம் இருந்தது என்பது குண்டு எப்படி வந்தது என்பதற்குச் சாட்சி ஆகாது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் வேண்டாம். குழாய் பெரிதானால் துளையும் பெரிது என்பார்கள். 1916இல் ஜட்லாந்தில் பிரிட்டனின் பெரிய குண்டுகள் ஜெர்மன் கவசத்தில் சாய்வாகப் பட்டதும் உள்ளே போகாமல் உடைந்தன. அந்தக் குறையைத் தீர்த்த புதிய குண்டுகள் கப்பல்களுக்கு வர 1918 ஆயிற்று. ஆகவே 1916க்கும் 1918க்கும் ஒரே துளைப்பு அட்டவணை போடும் விதிநூல் தவறானது.

வாஷிங்டன் கடற்படை வளாகத்தில் துளையோடு நிற்கும் 660 மி.மீ. தகடு இன்னொரு தொல்லை. யமாட்டோ வகைக் கப்பலின் பீரங்கிக் கூண்டு முகப்புக்காக ஜப்பான் செய்தது அது. 1946இல் டால்கிரன் சோதனைக் களத்தில் அமெரிக்கர்கள் 16 அங்குலக் குண்டால் அதைத் துளைத்தார்கள். 'அமெரிக்காவின் அயோவா சுட்டால் யமாட்டோ காலி' என்று முடிவு கட்டுவோர் ஒன்றைப் பார்ப்பதில்லை. சோதனையில் தகட்டை நிமிர்த்தி வைத்து, குண்டை அதன் முகத்துக்கு நேராக அடித்தார்கள். யமாட்டோவிலோ அந்த முகப்பு 45 டிகிரி சாய்ந்திருந்தது. சோதனைக் களத்தில் விழுந்த துளை கடற்போரில் விழுந்திருக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

கவசத்தின் அங்குலக் கணக்கும் அப்படியே. முகப்பு மட்டும் கெட்டிப்படுத்திய கவசமும் முழுவதும் ஒரே சீரான எஃகும் ஒன்றல்ல. ஒரு நாட்டுக் கடற்படை குண்டு முழுதாக, வெடிக்கும் நிலையில் மறுபுறம் வந்தால்தான் துளைத்ததாகக் கணக்கு வைக்கும். உடைந்த துண்டுகள் வந்தாலே போதும் என்று எழுதிய அறிக்கைகளும் உண்டு. இரண்டையும் ஒரே பத்தியில் அடுக்கினால் அட்டவணைக்குப் பொருளே இல்லை.

விதி எழுதுவோர் ஒவ்வொரு துளைப்பு அட்டவணையின் தலையிலும் நான்கு விவரங்களை அச்சிட்டாக வேண்டும்: தொலைவு, குண்டு படும் கோணம், கவசத்தின் வகை, எதைத் துளைத்தல் என்று கொண்டார்கள் என்பது. பக்கக் கவசத்துக்கும் மேல்தளத்துக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும். இவை இல்லாத விதிநூலைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். வாங்கியிருந்தால், ஹூட்டின் தனி விதியை முதலில் அடித்துவிட்டு விளையாடுங்கள்.