பட்டைகளை நம்பலாமா? குவாண்டம் ஒளிக்குச் சரியான சோதனை எது

லேசர் ஒளியை மங்கவைத்து இரட்டைப் பிளவு வழியே அனுப்பினால், கேமராவில் புள்ளி புள்ளியாக விழுந்து பட்டைகள் உருவாகும். அதைக் காட்டி ‘இதுதான் குவாண்டம் ஒளி’ என்பவர்கள் உண்டு. பார்க்க அழகு, சான்றாகாது. 1909-இல் கேம்பிரிட்ஜில் ஜி. ஐ. டெய்லர் மிக மங்கிய ஒளியில் ஊசியின் நிழலை ஏறத்தாழ மூன்று மாதம் படமெடுத்தார். பட்டைகள் அப்படியே இருந்தன. அவற்றை அலைக் கோட்பாடே விளக்கிவிடும். புள்ளிகளுக்கும் உணர்கருவியிலுள்ள அணுக்கள் குவாண்டம் விதிப்படி நடந்தால் போதும். ஒளி அலையாகவே இருக்கலாம்.

ஆகவே பட்டையை விட்டுவிட்டு எண்ணிக்கைக்கு வாருங்கள். ஹான்பரி பிரவுன், ட்விஸ் இருவரும் 1956-இல் காட்டிய முறையில், ஒளியை அரைவெள்ளி பூசிய கண்ணாடியால் இரண்டாகப் பிரித்து, இரு உணர்கருவிகளும் ஒரே நொடித்துளியில் எத்தனை முறை துடிக்கின்றன என்று பார்க்கிறோம். தற்செயலாக நேரக்கூடிய அளவை 1 என்று வைத்தால், லேசருக்கு 1, விளக்கொளிக்கு 2 வரை வரும். செவ்வியல் அலை எதுவும் 1-க்குக் கீழே இறங்காது. லேசரை எவ்வளவு மங்கவைத்தாலும் அந்த 1 மாறாது. மங்கிய லேசரை ‘ஒற்றை ஃபோட்டான்’ என்று விற்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 1977-இல் ராச்செஸ்டரில் கிம்பிள், டாஜெனே, மாண்டல் மூவரும் சோடியம் அணுக்களின் ஒளியில் அந்த இறக்கத்தைக் கண்டார்கள். 1986-இல் பிரான்ஸின் ஓர்சேயில் கிராஞ்சியே, ரோஜே, ஆஸ்பே குழுவுக்குக் கிடைத்தது 0.18. அதே ஒளியைக் குறுக்கீட்டுமானியில் விட்டபோது தெளிவான பட்டைகளும் வந்தன. இரண்டும் சேர்ந்ததால்தான் அந்தச் சோதனைக்கு அவ்வளவு மதிப்பு.

கல்லூரி ஆய்வகத்துக்கு என் தேர்வும் இதுவே. 405 நானோமீட்டர் டயோடு லேசர், இரட்டை ஃபோட்டான் தரும் பிபிஓ படிகம், மூன்று உணர்கருவிகள். மூன்றாவது எதற்கு? ஜோடியில் ஒன்றை மட்டும் தனியே அளந்தால் அது விளக்கொளியின் சாயலையே காட்டும். மூன்றாவதில் ஜோடி ஃபோட்டான் துடித்த கணங்களை மட்டும் கணக்கில் எடுத்தால்தான் எண் சரியும். 0.5-க்குக் கீழே வந்தால் ஒற்றை ஃபோட்டான் என்று துணிந்து சொல்லலாம்.

ஹாங், ஊ, மாண்டல் 1987-இல் செய்த சோதனை வேறு கேள்விக்கானது: இரு ஃபோட்டான்கள் அச்சு அசலாக ஒன்றா? ஒன்றானால், கண்ணாடியின் இரு பக்கமிருந்து நுழைந்தவை ஒரே வாயிலில் வெளியேறும்; இருபுறமும் சேர்ந்து துடிப்பது அற்றுப்போகும். கட்டம் சீரற்று மாறும் செவ்வியல் அலைகளாலும் இந்தப் பள்ளத்தை 50 விழுக்காடு வரை தோண்ட முடியும். அதைத் தாண்டினால்தான் பேச்சு. பாதை நீளங்களை மைக்ரான் கணக்கில் பொருத்த வேண்டும். பள்ளம் ஆழமில்லை என்றால் ஒளியைக் குறை சொல்லாமல் வடிகட்டியையும் முனைவாக்கத்தையும் முதலில் சந்தேகியுங்கள். குவாண்டம் கணினிக்கான ஒளி மூலம் வாங்குபவர் இதைக் கேட்டே ஆக வேண்டும், மற்றவர்களுக்கு அவசியமில்லை.

எதைத் தேர்ந்தாலும், பிரித்து எண்ணும் அமைப்பில் சாதாரண லேசரை முதலில் விட்டுப் பாருங்கள். 1 வரவில்லையென்றால் கேபிள் நீளத்தையும் நேரச் சாளரத்தையும் சரிசெய்துவிட்டுப் படிகத்தைப் பொருத்துங்கள்.