சலங்கையைக் கழற்றும் முன்னே...

"டாக்டரய்யா, இன்னும் ரெண்டே ரெண்டு சீசன். அதுவரைக்கும் இந்த முட்டி தாங்குற மாதிரி ஏதாவது எண்ணெய் குடுங்க."

கொடும்பாளூரில் என்னிடம் வைத்தியத்துக்கு வந்த அந்தப் பெண்ணுக்கு வயது 34. பதினெட்டு வயதில் கரகம் எடுத்தவர். பிறகு, 'ஜனங்க அதைத்தான் கேட்குறாங்க' என்று 'ஆடலும் பாடலும்' கோஷ்டிக்குப் போய், அரைகுறை உடுப்பில் சினிமாப் பாட்டுக்கு ஆடியவர். இரண்டு பிள்ளைகள். வலது முழங்கால் மடக்க முடியாத அளவுக்கு வீங்கியிருந்தது.

உளுந்துத் தைலமும் ஒற்றடமும் கொடுத்தேன். வலி குறைந்தது. வினையே அங்கேதான்! வலி இல்லை என்றதும் அந்த வருஷம் ஒரு ராத்திரிகூட விடாமல் ஆடிவிட்டு, பழைய வீக்கத்துக்கு இரண்டு பங்கு வீக்கத்தோடு வந்து நின்றார். தப்பு என்னுடையது. முட்டியைத் தொட்டுப் பார்த்த நான், "ஆட்டத்தை விட்டப்புறம் எதை வச்சுச் சாப்பிடப் போறீங்கம்மா?" என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் ஊரைச் சொன்னால் மூவர் கோயில் ஞாபகம் வரும். சிலப்பதிகாரத்திலும் ஊர் உண்டு. மதுரைக்குப் போகும் வழி மூன்றாகப் பிரிகிற இடமாக வருவது இந்தக் கொடும்பைதான். அதே காப்பியத்தில்தான் மாதவி இருக்கிறாள். பன்னிரண்டு வயதில் அரங்கேறி, அரசன் கையால் 1008 கழஞ்சுப் பொன் விலையுள்ள மாலை வாங்கியவள். கோவலன் இறந்ததும் ஆட்டத்தையே துறந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது என்ன? மணிமேகலையைப் புரட்டுங்கள். இந்திர விழாவுக்கு ஆட வா என்று ஆள் அனுப்புகிறாள் தாய் சித்திராபதி. மாதவி மறுக்கிறாள். அடுத்து பேத்தியை மேடைக்கு இழுக்கப் பார்க்கிறாள் பாட்டி! ஒருத்தியின் காலை நம்பி எத்தனை வயிறு இருந்தது என்பது அவள் ஆட்டத்தை விட்ட பிறகுதான் தெரிகிறது.

அவளாக விட்டாள். இப்போது பலருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. வரவேண்டிய சட்டம்தான். ஆனால் கோயில் பணியோடு வந்த வருமானமும் அத்துடன் நின்றது. பக்கத்து விராலிமலையில் சதிர் ஆடிய முத்துக்கண்ணம்மாளுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது 2022-ல்! 2020 மார்ச் கடைசியில், பங்குனித் திருவிழா நேரத்தில், ஊரடங்கு வந்து சீசனையே விழுங்கியது. 2023-ல் 'குறவன் குறத்தி' ஆட்டத்துக்கு அரசு தடை போட்டது. சட்டமோ நோயோ வராவிட்டாலும் முழங்கால் ஒரு நாள் தடை போடும். வெறுங்காலில், கட்டாந்தரையில், விடிய விடிய ஆடுகிற காலுக்கு நாற்பது வயது என்பதே அதிகம்.

சட்டம் மட்டும் போதாது என்று முதலில் புரிந்துகொண்டவர் ஒரு டாக்டர். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. சட்டசபையில் வாதாடியதோடு நிற்காமல், தேவதாசிக் குடும்பத்துப் பெண் குழந்தைகள் தங்கிப் படிக்க 1930-ல் அவ்வை இல்லம் தொடங்கினார். விட்டு வெளியே வருகிறவளுக்குக் கால் வைக்க ஒரு படி வேண்டும் அல்லவா?

அந்தப் படியை நாமே கட்டிக்கொள்ள முடியுமா? அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் போட்ட கணக்கைச் சொல்கிறேன். மாசியிலிருந்து ஆடி வரை 60 ராத்திரி ஆட்டம். ஏஜென்ட் கமிஷன், வண்டிக் கூலி போக ராத்திரிக்கு 2,000 ரூபாய் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 1,20,000. மாதம் 10,000. ஆனால் சீசனில் அந்தப் பணம் இருபதாயிரமாகத் தெரியும். புரட்டாசியில் வெறுங்கை. தாலிக்கொடி அடகுக்குப் போகும், அல்லது ஏஜென்டிடம் அடுத்த வருஷத்து அட்வான்ஸ் வாங்குவார்கள். இந்த அட்வான்ஸ்தான் கால்கட்டு. அதை வாங்கியவள் மூட்டு வலித்தாலும் ஆடியே தீரவேண்டும்.

இப்போது 2,000-ல் 500-ஐத் தொடாமல் வைத்தால்? வருஷம் 30,000. மூன்று சீசனில் 90,000. இது ரொம்பச் சின்னத் தொகையாகத் தோன்றும். ஆனால் கவனியுங்கள், 500-ஐ ஒதுக்கிவிட்டு மீதி 1,500-ல் குடும்பம் நடத்தியவருக்கு ஒரு வருஷச் செலவே 90,000-தான்! ஆக, மூன்று சீசன் சேமிப்பு ஒரு முழு வருஷ மூச்சு. அந்த வருஷத்தில் வேறு தொழில் கற்றுக்கொள்ளலாம். கடன் இருந்தால் அதை அடைப்பதுதான் முதல் சேமிப்பு.

பணத்தை எங்கே வைப்பது? கணவர் பெயரிலோ அண்ணன் பெயரிலோ வேண்டாம். தபால் ஆபீஸில் தன் பெயரில். மாதாமாதம் கட்டும் ஆர்.டி. மழைக்காலத்தில் இடிக்கும். சீசன் முடிந்ததும் பாதியை ஒரு வருட டெபாசிட்டாகப் போட்டு, மீதியை அவசரத்துக்கு சேமிப்புக் கணக்கில் விடலாம். வாரிசு நியமனம் எழுத மறக்கக் கூடாது. நாற்பது வயதுக்குள் இருந்தால் அடல் பென்ஷனில் சேரலாம், அறுபதுக்குப் பிறகு மாதம் 1,000 முதல் 5,000 வரை வரும். கரகம் போன்ற ஆட்டக்காரர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில், ஆடிக்கொண்டிருக்கும்போதே பதிந்துகொள்வது நல்லது. விட்ட பிறகு 'நான் கலைஞர்' என்று சான்று தேடி அலைவது கஷ்டம். நகை வாங்குவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. செய்கூலி, சேதாரம், பிறகு அடகு வட்டி... யாருக்கு லாபம்?

சரி, உடம்புக்கு வருவோம். ஆட்டக்காரப் பெண்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது நீர்க்கடுப்பு. ஆடுகிற இடத்தில் கழிப்பறை இல்லை என்று ராத்திரி முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஆடுவது அடுத்தது. வெறும் வயிற்றில், தண்ணீரும் இல்லாமல் அதை விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். விடுவதற்கு முன்பே ரத்தத்தில் ஹீமோகுளோபின், யூரியா, கிரியேட்டினின் பார்த்துவிடுங்கள்.

விட்ட பிறகு முதல் ஆறு மாதம்தான் சோதனை. உழைப்பு நின்றிருக்கும், பசி நிற்காது. உடம்பில் ஒரு கிலோ கூடினால் நடக்கும்போது முழங்காலுக்கு மூன்று நான்கு கிலோ கூடுதல் பாரம். இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்து, சோற்றைக் குறைத்து, பிரண்டைத் துவையல், கீரை சேர்க்கலாம். வருஷக்கணக்காக ராத்திரி விழித்த உடம்புக்குத் தூக்கம் உடனே திரும்பாது. காலை வெயிலில் நடப்பதும், பகலில் படுக்காமல் இருப்பதும் அதை மெல்லத் திருப்பும். 'கைதட்டல் இல்லாம என்னமோ மாதிரி இருக்குய்யா' என்று அழுதவர்களும் உண்டு. இதற்கெல்லாமா அழுவது என்று வீட்டார் கேலி செய்யக் கூடாது.

இதைப் படிக்கும் இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. 'இதெல்லாம் நமக்கெதுக்கு?' என்று நினைப்பீர்கள். திருவிழாவில் நின்று பார்த்தவர்கள் நாம்தானே! ஆட்டத்தை விட்டவள் வாடகைக்கு வீடு கேட்டால் 'காலி இல்லை' என்கிறோம். தைக்கத் துணி கொடுக்கத் தயங்குகிறோம். வேறு பிழைப்பு கிடைக்காதவள் மறுபடி ஏஜென்டிடம்தான் போவாள்.

என்னிடம் வந்த பெண் மூன்று சீசன் என்று போட்ட கணக்கு நாலாகிவிட்டது. நடுவில் மகளுக்குக் காய்ச்சல் வந்து ஒரு டெபாசிட்டை உடைத்தார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்தாள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தர 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அவளுக்கும் கிடைத்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் உள்ள திட்டம் அது.

அம்மா இப்போது பழைய கோஷ்டிகளுக்கே உடுப்பு தைத்துக் கொடுக்கிறார். போன மாதம் வந்திருந்தார். முட்டி பரவாயில்லை, கழுத்துதான் பிடிக்கிறதாம். எண்ணெய் கேட்டார். மிஷின் எவ்வளவு உயரம், எத்தனை மணி நேரம் குனிந்து உட்காருகிறீர்கள் என்று முதலில் கேட்டேன்.