நீரில் துள்ளிய குண்டு

நுழையும்முன்

குளக்கரையில் நின்று தட்டையான கல் ஒன்றைச் சாய்வாக எறிந்தால், அது உடனே மூழ்குவதில்லை. நீர்ப்பரப்பைத் தொட்டுத் தொட்டுத் துள்ளிச் செல்லும். சிறுவர் விளையாட்டாகிய இச்செயல், இரண்டாம் உலகப்போரில் பேரணைகளை உடைக்கும் வழியாயிற்று. பல்லாண்டுகளுக்குப் பின் ஓர் ஆய்வுக்குழு அதனை மீண்டும் செய்து பார்த்தது. அக்குழு எதனைச் செய்தது, எதனைச் செய்யாமல் விட்டது என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

எட்டாத அணைகள்

ஜெர்மனியின் ரூர் பகுதி, எஃகு ஆலைகள் நிறைந்தது. அவ்வாலைகளுக்கு வேண்டிய நீரை மோனெ முதலிய அணைகள் வழங்கின. மோனெ அணை ஏறத்தாழ 40 மீட்டர் உயரமும் 650 மீட்டர் நீளமும் உடையது. அதனை உடைத்தால் ஆலைகள் முடங்கும் என்று பிரிட்டன் எண்ணியது. ஆனால், மிக உயரத்திலிருந்து வீசும் குண்டு குறி தவறும். நீருக்குள் செல்லும் டார்பிடோவை அணையின் முன் கட்டப்பட்ட வலைகள் தடுத்துவிடும். இவ்விரு தடைகளையும் கடப்பது எவ்வாறு?

விளையாட்டில் கிடைத்த விடை

பார்ன்ஸ் வாலிஸ் என்னும் பொறியாளர் 1942ஆம் ஆண்டில் தம் வீட்டுத் தோட்டத்தில் தொட்டி ஒன்றில் நீர் நிரப்பினார். கோலிக்குண்டுகளை அதன்மேல் எறிந்து, அவை துள்ளுவதைக் கூர்ந்து நோக்கினார். துள்ளிச் செல்லும் குண்டு வலைகளைத் தாண்டி அணையை அடையும் என்பது அவர் முடிவு.

துள்ளுவது மட்டும் போதாது. அணைச்சுவரில் மோதிய குண்டு பந்துபோல் பின்வாங்கிவிட்டால் பயன் இல்லை. எனவே, உருளை வடிவக் குண்டை நிமிடத்திற்கு 500 முறை பின்னோக்கிச் சுழலச் செய்து வீசுமாறு வாலிஸ் வகுத்தார். இச்சுழற்சி, குண்டு நன்கு துள்ள உதவியது. சுவரில் மோதியபின் அதனை ஒட்டியே கீழே இறங்கவும் செய்தது. 9 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தத்தால் குண்டு வெடிக்கும். சுற்றியுள்ள நீர் எளிதில் சுருங்காது. ஆகவே, வெடிப்பின் விசை முழு வலிமையுடன் சுவரைத் தாக்கும்.

குண்டின் எடை 4 டன்னுக்கும் மேல். தொடக்கச் சோதனைகளில் நீரில் மோதியதும் அதன் மர உறை சிதறியது. அதனால் வீசும் உயரம் 18 மீட்டராகக் குறைக்கப்பட்டது. அஃது ஆறு மாடிக் கட்டடத்தின் உயரமே ஆகும். இருளில் அவ்வுயரத்தை அளப்பதற்கு எளிய வழி ஒன்று கையாளப்பட்டது. விமானத்தின் அடியில் இரு விளக்குகள் பொருத்தப்பட்டன. அவற்றின் ஒளிவட்டங்கள் நீர்மேல் ஒன்றையொன்று தொட்டால் உயரம் சரி என்பது பொருள்.

அந்த இரவு

1943ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் இரவு, 133 வீரர்களுடன் 19 லங்காஸ்டர் விமானங்கள் புறப்பட்டன. படைத்தலைவர் கய் கிப்சனுக்கு அப்போது வயது 24. ஒரு விமானம் மிகத் தாழப் பறந்ததால் கடல்நீரில் உரசித் தன் குண்டையே இழந்து திரும்பியது. மோனெ அணை ஐந்தாவது குண்டில் உடைந்தது. பின்னர் ஏடர் அணையும் உடைந்தது. 8 விமானங்கள் திரும்பவில்லை. 53 வீரர்கள் உயிரிழந்தனர்.

மீண்டும் ஒரு முயற்சி

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பொறியியல் அறிஞர் ஹியூ ஹண்ட், 2011ஆம் ஆண்டில் ஒளிபரப்பான ஆவணப்படம் ஒன்றிற்காக இச்செயலை மீண்டும் நிகழ்த்த முற்பட்டார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சிறிய அணை ஒன்று இதற்கெனவே கட்டப்பட்டது. நான்கு எஞ்சின்கள் கொண்ட பழைய டிசி-4 விமானம் ஒன்று குண்டைச் சுமந்தது.

பழைய இடர்கள் ஒவ்வொன்றாக மீண்டும் எதிர்ப்பட்டன. சுழலும் உருளையின் எடை ஒருபுறம் சற்றே மிகுந்தாலும் விமானம் அதிரும். உயரம் குறைந்தால், எழும் நீர்த்தெறிப்பு விமானத்தையே தாக்கும். உயரம் மிகுந்தால் குண்டு சிதறும். கணினி இருந்தது, பகலொளி இருந்தது, சுடுவதற்குப் பகைவர் எவரும் இல்லை. அவ்வாறிருந்தும் பலமுறை பயின்ற பின்னரே குண்டு துள்ளிச் சென்று அணையை முட்டியது. நிலவொளியில், பீரங்கிகளின் நடுவே இதனைச் செய்த இளைஞர்களின் திறம் எத்தகையது என்பது அப்போது விளங்கிற்று.

விமானம் வீசிய குண்டில் வெடிமருந்து இல்லை. அணையை உடைப்பதற்கான வெடிமருந்து தனியே வைத்து வெடிக்கப்பட்டது. அணை உடைந்து நீர் பாய்ந்தது; ஆனால், அந்நீரின் வழியில் வீடுகள் இல்லை, மனிதர்கள் இல்லை.

மீண்டும் நிகழக்கூடாதது

1943இல் அவ்வாறு இல்லை. நள்ளிரவில் பாய்ந்த வெள்ளத்தில் 1300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மோனெ பள்ளத்தாக்கில் இறந்தோருள் பாதிக்கும் மேற்பட்டோர், பிற நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டு வேலை வாங்கப்பட்டவர்களும் போர்க்கைதிகளும் ஆவர். உக்ரைனியப் பெண்கள் பலர் நெய்ஹைம் நகரின் முகாமில் நீரில் மூழ்கினர். அவர்கள் போரைத் தொடங்கியவர்கள் அல்லர்; தப்பியோடும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. மோனெ அணையோ சில மாதங்களிலேயே மீண்டும் கட்டப்பட்டது.

திரும்பாத வீரர்களை எண்ணி வாலிஸ் பெரிதும் வருந்தினார். போருக்குப் பின் தமக்குக் கிடைத்த 10,000 பவுண்டுப் பரிசைத் தாம் பயின்ற பள்ளிக்கு அளித்து, உயிரிழந்த விமானப்படையினரின் பிள்ளைகள் கல்வி பெற வழிவகுத்தார். 1977ஆம் ஆண்டில் ஜெனீவா உடன்படிக்கைகளுடன் இணைக்கப்பட்ட நெறிமுறை, பொதுமக்களுக்குப் பேரிழப்பு நேருமெனின் அணைகளைத் தாக்கலாகாது என்று விதித்தது.

கல் எவ்வாறு துள்ளுகிறது என்று கேட்பது அறிவு. அது யார்மேல் சென்று விழும் என்று கேட்பது அறம். முதற்கேள்விக்கு விடை கண்டவர், இரண்டாம் கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

சொல்லும் பொருளும்

இடர் – துன்பம், இடையூறு
விசை – ஆற்றலுடன் தள்ளும் தன்மை
மாண்டனர் – இறந்தனர்
அறம் – நன்னெறி

அறிந்து கொள்வோம்

துள்ளிய குண்டு – பெயரெச்சம் (பெயரைக் கொண்டு முடியும்)
துள்ளிச் சென்றது – வினையெச்சம் (வினையைக் கொண்டு முடியும்)
பாடத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக.

வினாக்கள்

1. குண்டைப் பின்னோக்கிச் சுழலச் செய்ததன் பயன்கள் இரண்டினை எழுதுக.
2. விமானத்தின் உயரம் இருளில் எவ்வாறு அளக்கப்பட்டது?
3. 1943ஆம் ஆண்டு நிகழ்வும் கனடாவில் நடந்த முயற்சியும் எவ்வகையில் வேறுபடுகின்றன?
4. உம் ஊருக்கு நீர் வழங்கும் அணை அல்லது ஏரியின் பெயரைப் பெற்றோரிடம் கேட்டறிக. அதன் கரையில் வாழ்வோரைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.