டீசலும் மின்சாரமும் சேர்ந்த வண்டி: பணம் கொடுக்குமுன் ஒரு கணக்கு



டீசல் விலை ஏறும்போதெல்லாம், "எஞ்சினோடு மின்மோட்டாரையும் சேர்த்துவிட்டால் பாதிச் செலவில் வண்டி ஓடும்" என்று சொல்லிக்கொண்டு யாராவது கடைப்படி ஏறுகிறார்கள். சென்ற மாதம் நம் சங்க உறுப்பினர் ஒருவர், இப்படி ஒரு பட்டறைக்கு முன்பணம் கொடுக்கலாமா என்று எங்களிடம் யோசனை கேட்டார். வீட்டு நகையை அடகு வைத்துக் கொடுக்கவும் தயாராக இருந்தார். நாங்கள் ஏற்கெனவே கொடுத்துப் பட்டவர்கள். அவருக்குச் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

எங்கள் பேரேட்டில் ஒரு பக்கம்

2013-ஆம் ஆண்டு, மின்வெட்டு கடுமையாக இருந்த காலம். கடைக்குக் கடை ஜெனரேட்டர் ஓடியது. அதைப் பழுது பார்க்க வந்தவர் ஒரு யோசனை சொன்னார். "ரயில் எஞ்சினே டீசலில் மின்சாரம் தயாரித்து, மோட்டாரில்தானே ஓடுகிறது! உங்கள் லோடு வண்டியையும் அப்படி ஆக்கித் தருகிறேன்." விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் கடைகளுக்குப் பருப்பு ஏற்றிப் போகும் வண்டி அது. லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது.

1,80,000 ரூபாய் கொடுத்தோம். நான்கு மாதம் கழித்து வண்டி வந்தது. எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்ற, மோட்டார் சக்கரத்தைச் சுற்றியது. நடுவில் எட்டு பேட்டரிகள். கூடுதல் எடை 350 கிலோ. அதாவது ஏழு மூட்டைச் சரக்குக்கு இடமில்லை. லிட்டருக்குக் கிடைத்தது 10 கிலோமீட்டர். எஃப்.சி.க்குக் கொண்டுபோனபோது வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரியே. பழையபடி மாற்ற 35,000 ரூபாய். பேட்டரிகளை விற்றதில் 40,000 வந்தது. நிகர நட்டம் 1,75,000. வாடகை வண்டிக்குக் கொடுத்தது தனி.

தரகும் கிட்டங்கியும்

எங்கே தவறினோம்? நமக்குத் தெரிந்த வியாபார மொழியிலேயே பார்ப்போம்.

சரக்கு எத்தனை கை மாறுகிறதோ அத்தனை தரகு. எஞ்சின் செய்யும் வேலையை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கியர் பாக்ஸ் வழியாக நேரே சக்கரத்துக்குப் போனால் ஏறக்குறைய 90 ரூபாய் போய்ச் சேரும். ஜெனரேட்டர் வழியாகப் போனால் அது 10 ரூபாய் எடுத்துக்கொள்ளும். மீதி 90-ல் மோட்டார் தன் பங்கை எடுக்க, சக்கரத்துக்கு 81. நடுவில் பேட்டரியில் ஏற்றி இறக்கினால் அங்கேயும் ஐந்தில் ஒரு பங்கு போய், கைக்கு வருவது 65.

பேட்டரி என்பது கிட்டங்கி. கிட்டங்கியில் சரக்கு விளையாது. கொண்டுபோய் வைத்ததைத்தான் எடுக்கலாம். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் சக்தி இருக்கிறது. நல்ல எஞ்சின் அதில் மூன்றரை யூனிட் வேலை தரும். 12 வோல்ட், 100 ஆம்பியர் பேட்டரி ஒன்றில் இருப்பதோ 1.2 யூனிட், கெடாமல் உழைக்க வேண்டுமானால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். ஆக, ஒரு லிட்டர் டீசலின் வேலைக்கு ஆறேழு பேட்டரி, சுமார் 200 கிலோ எடை. ஒரு லிட்டர் டீசலின் எடை ஒரு கிலோகூட இல்லை!

அப்படியானால் ரயிலில் ஏன்? 1964 முதல் வாரணாசியில் தயாரான டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினின் சக்தி 2,600 குதிரைத்திறன். அவ்வளவு பாரத்தை நின்ற இடத்திலிருந்து கிளட்ச், கியர் வைத்து இழுப்பது நடவாத காரியம். மோட்டார் அதைச் சுலபமாக இழுக்கும். அங்கே மோட்டார் வைத்தது இழுவைக்காக, எரிபொருள் சிக்கனத்துக்காக அல்ல. இதைத்தான் நாங்கள் கேட்கத் தவறினோம்.

லாபம் எங்கே இருக்கிறது?

கலப்பு வண்டி ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. வீணாகப் போவதை அது மிச்சப்படுத்தும். பிரேக் பிடிக்கும்போது சூடாகிப் போகும் சக்தியைப் பிடித்து வைக்கும். சிக்னலில் எஞ்சினை நிறுத்தும். எஞ்சினை அதற்குச் சாதகமான வேகத்தில் ஓட வைக்கும். 1979 வாக்கில் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஒரு மின்பொறியாளர், இரண்டு பேர் போகும் ஓப்பல் ஜி.டி. காரில் 6 குதிரைத்திறன் புல்வெட்டி எஞ்சினையும் பேட்டரிகளையும் வைத்து, லிட்டருக்கு ஏறக்குறைய 32 கிலோமீட்டர் எடுத்தார். சிறு கார், சிறு எஞ்சின், மூட்டை கிடையாது. நின்று நின்று போகும் வண்டிக்குத்தான் இதில் லாபம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும் லோடு வண்டியில் மிச்சப்படுத்த என்ன இருக்கிறது?

பெரிய கம்பெனிகளின் அனுபவமும் இதுதான். 1997-ல் ஆடி கம்பெனி கொண்டுவந்த டீசல்-மின்சாரக் கார் நூறுகூட விற்கவில்லை. 2012-ல் பிரான்சின் பெஜோ 3008 காரில் முன்சக்கரத்துக்கு 163 குதிரைத்திறன் டீசல் எஞ்சினும் பின்சக்கரத்துக்கு 37 குதிரைத்திறன் மோட்டாரும் வந்தன. அதுவும் சில ஆண்டுகளில் நின்றது. டீசல் எஞ்சின் விலை கூடியது, ஏற்கெனவே சிக்கனமானது. அதன்மேல் இன்னொரு முதலைப் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் லாபம் குறைவு.

நம் நாட்டில் மாருதி 2015-ல் சியாஸ் டீசல் காரில் சிறு மோட்டாரைச் சேர்த்தது. சோதனைக் கணக்கில் 26.21 கிலோமீட்டர் 28.09 ஆனது. 10,000 கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 25 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றாலும் 2,300 ரூபாய்க்குள். கம்பெனி பக்குவமாகச் செய்து கிடைத்த மிச்சமே இவ்வளவு! புகைக் கட்டுப்பாடு கடுமையானதும் 2020 ஏப்ரலோடு அந்தக் கம்பெனி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

1. நம் வண்டி ஒரு நாளில் எத்தனை முறை நின்று கிளம்புகிறது? ஒரு மாதம் டிரைவரைக் குறித்து வரச் சொல்லுங்கள்.

2. கூடும் எடையால் எத்தனை மூட்டை குறையும்? அந்த வாடகை நட்டத்தையும் செலவில் எழுதுங்கள்.

3. சட்டம் இடம் தருகிறதா? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அங்கீகாரம் பெற்ற சாதனமும் போக்குவரத்து அலுவலக அனுமதியும் வேண்டும். இல்லாவிட்டால் விபத்தின்போது இன்சூரன்சுக்கும் சிக்கல் வரும்.

கம்பெனியிலிருந்தே வரும் மின்சாரச் சரக்கு வண்டிகளுக்கும் முதல் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். டவுனுக்குள் கடை கடையாக நின்று இறக்குபவருக்கு விடை வேறாக வரலாம்.

யோசனை கேட்ட உறுப்பினர் முன்பணத்தை நிறுத்தி வைத்துவிட்டார். இப்போது அவர் டிரைவர் சட்டைப் பையில் ஒரு குறிப்பு நோட்டு இருக்கிறது. எங்கள் 1,75,000 ரூபாய் திரும்பாது. உங்களில் ஒருவர் பணமாவது பெட்டியில் தங்கினால், அதை வரவில் எழுதிக்கொள்வோம்.